காருக்கு எதற்கு வால்?

பழைய கார் விளம்பரங்களைத் தேடிப் பார்ப்பது ஊடகவியல் படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். அவற்றில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது 1959 கெடிலாக். பின்பக்கம் மீன் துடுப்பு போல இரண்டு உயர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ராக்கெட் நெருப்பைப்போல இரண்டு சிவப்பு விளக்குகள். சாலையில் ஓடும் வண்டிக்கு இது எதற்கு?

விடை போர் விமானத்தில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், லாக்ஹீட் பி-38 விமானத்தைத் தம் குழுவினருடன் நேரில் பார்த்தார். அதன் இரட்டை வால் அவரை விடவில்லை. போர் முடிந்ததும் 1948 கெடிலாக்கின் பின்புறத்தில் சின்னத் திமில் போல அது வந்து உட்கார்ந்தது. இடப்பக்க விளக்கைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் மூடி! கிரைஸ்லர் நிறுவனமும் போட்டிக்கு வர, வால் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது.

ஆனால் உண்மையான முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. 1949இல் கெடிலாக்குக்குக் கிடைத்த புதிய வி8 இன்ஜின்தான் அது. இன்ஜினைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க மாட்டாரே, வாலைத்தான் பார்ப்பார். மக்கள் ஆண்டுக்கொரு கார் மாற்ற வேண்டும் என்பது ஏர்லின் விருப்பம்; அதை அவர் ஒளிக்கவும் இல்லை. கையிலுள்ள பொருள் கெட்டுப்போகத் தேவையில்லை, பழசாகத் தெரிந்தால் போதும். ஆண்டுதோறும் புதுக் கைப்பேசி வாங்கும் நம் வீடுகளுக்கு இது புதிய செய்தியா என்ன?

இந்த மோகத்தின் உச்சம் 1957இல் வந்த எல்டொராடோ புரோகாம். விலை 13,074 டாலர். சாதாரண கெடிலாக் இரண்டை வாங்கிவிடலாம். பளபளக்கும் எஃகுக் கூரை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குவளைகள், லான்வின் வாசனைத் திரவியம்! ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கின. அந்தக் காற்றுதான் காலை வாரியது. கசிவு ஏற்பட, பலர் அதைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் விற்றவை 704 கார்கள்தாம்.

தொலைக்காட்சிக்கும் இதே காய்ச்சல் வந்தது. 1958இல் ஃபில்கோ நிறுவனம் வெளியிட்ட பிரெடிக்டாவில் திரை மட்டும் தனியே தலைபோல நின்று திரும்பும். விண்வெளிக் கப்பலிலிருந்து கழற்றி வந்தது போன்ற அழகு. உள்ளே கறுப்பு வெள்ளைப் படம்தான், பழுதோ அடிக்கடி. 1961இல் ஃபில்கோ ஃபோர்டு கைக்குப் போனது.

ஏர்ல் 1958இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு மாடலில் உச்சம் தொட்ட வால், 1960இலேயே தாழத் தொடங்கியது. 1965 கெடிலாக்கில் அது இல்லை. வால் இல்லாததுதான் இப்போது புதுசு என்று விற்றார்கள்.