பத்து மாத ராஜா. 300 ஆண்டுப் பாசம்!

குச்சியைக் குதிரையாக்கித் தெருவில் ஓடுகிறான் பேரன். "பெரிய தேசிங்கு ராஜாதான்!" என்று பாட்டி சிரிக்கிறாள்.

தேசிங்கைப் பாட்டி பார்த்ததில்லை. பாட்டியின் பாட்டியும் பார்த்ததில்லை. அவன் மாண்டது 1714-ம் ஆண்டில்!

அவன் ஆண்டது ஏறக்குறையப் பத்தே மாதம். அவன் தமிழனும் அல்ல. வடக்கே பந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரன். உண்மைப் பெயர் தேஜ்சிங். ஜனங்கள் அதைத் "தேசிங்கு" ஆக்கிக் கொண்டார்கள்.

அவன் மீது செஞ்சிச் சீமைக்கு ஏன் இத்தனை பாசம்?

கப்பத் தகராறு

தேசிங்கின் தந்தை சொரூப்சிங். மொகலாயச் சக்கரவர்த்தி அவுரங்கசீப் அவரைச் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவர் ஆக்கினார். அவர் இறந்ததும் தேசிங்கு பதவிக்கு வந்தான்.

ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு மறுத்தான். 1714 அக்டோபர் 3-ந் தேதி சண்டை மூண்டது. நவாபிடம் பெரும்படை, தேசிங்கிடம் சில நூறு குதிரை வீரர்கள். தேசிங்கு போர்க்களத்தில் மாண்டான்.

சரித்திரம் சொல்வது இவ்வளவுதான். மற்றதை ஜனங்கள் சொன்னார்கள்.

முகம் திருப்பிய பெருமாள்

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது சிங்கவரம். அங்கே குன்றைக் குடைந்து செய்த கோவிலில் ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார்.

சண்டைக்குப் போகுமுன் தேசிங்கு இங்கே வந்து விடை கேட்டானாம். "போகாதே" என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். ஆனாலும் தேசிங்கு குதிரை ஏறினான். கொடுத்த வாக்கு அவனுக்கு உயிரைவிடப் பெரிது.

சிங்கவரம் போகிறவர்களுக்கு இந்தக் கதை இன்றும் கிடைக்கும்.

கலியாணப் பந்தலில் செய்தி

தேசிங்கின் உயிர்த் தோழன் மகமத்கான். அவன் முஸ்லிம். சண்டைச் செய்தி வந்தபோது அவனுக்குக் கலியாணம். மணமாலையைக் கழற்றி வைத்தான். நீலவேணி என்ற குதிரையில் பாய்ந்து ஏறினான். நண்பனுக்காக முதலில் உயிர் விட்டவன் அவன்தான் என்கிறது கதை.

இதைக் கேட்டுக் கண் கலங்காத தாய்மார் இல்லை. பாட்டாகவும் கூத்தாகவும் கதை ஊர் ஊராகப் போயிற்று. பெரிய எழுத்துப் புத்தகமாக வந்தது. 1936-ல் சினிமா ஆயிற்று. 1960-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து மீண்டும் படமாக வந்தது.

பொற்காலமா?

கதை கேட்பவருக்கு அது பொற்காலம். உண்மையில் அப்படி அல்ல. அதற்குச் சற்று முன்னால், 1690 முதல் 1698 வரை, மொகலாயப் படை இதே கோட்டைக்காகப் போரிட்டது. எட்டு ஆண்டு சண்டை நடந்த பூமியில் உழவன் நிம்மதியாகவா இருந்திருப்பான்?

தேசிங்கு இறந்ததும் அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தக் காலத்தில் அது பெருமை. இன்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

நெஞ்சில் நின்றது

தேசிங்குக்குப் பின் கோட்டை பல கை மாறியது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஜெயித்தவர்கள் இவர்கள். ஆனால் பேரனைக் கொஞ்சும் பாட்டியின் வாயில் வருவது, தோற்றவனின் பெயர்!

2025-ல் யுனெஸ்கோ சபை செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கல்லுக்கு அந்த மதிப்பு வர இத்தனை காலம் ஆயிற்று. ஜனங்கள் தேசிங்குக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டார்கள்.

பழைய காலத்தின் மீது ஆசை வைப்பதில் தவறு இல்லை. ஆனால் அதில் நெல்லும் உண்டு, பதரும் உண்டு. உடன்கட்டைத் தீ அங்கேயே அணைந்து போகட்டும். கலியாண மாலையைக் கழற்றி வைத்த அந்தத் தோழமை, பேரன் காலத்துக்கும் வரட்டும்!