வண்டி ஷெட்டுக்கு எந்த விசிறி?

கோரமண்டல்: காற்று வர ஒரு வழி வேண்டும், போக ஒரு வழி வேண்டும். தங்கவயலில் சுரங்கம் இறங்கியவர்களுக்கு இது பாலபாடம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு ஷாப்ட் வழியே புதுக்காற்று இறங்கி, மறு ஷாப்ட் வழியே வெப்பக்காற்று வெளியேறியதால்தான் அங்கே ஆள் நின்று வேலை செய்ய முடிந்தது.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று வீட்டை ஒட்டித் தகரம் போட்டு வண்டி நிறுத்துகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ரிப்பேரும் பார்க்கிறார்கள். கோடையில் அந்த ஷெட் அடுப்பாகக் கொதிக்கும். சுவர் விசிறி ஒன்று மாட்டலாமே என்று தோன்றுவது இயல்பு.

இரண்டு வண்டி நிற்கும் ஷெட்டுக்கு 16 அங்குல விசிறி போதும். மின்செலவு சுமார் 50, 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். மோட்டார் நன்றாக மூடியிருந்தால் தூசி புகாது. தகரத்தில் மாட்டினால் அதிரும். செங்கல் சுவரிலோ உறுதியான மரத்தூணிலோ, 7 அடி உயரத்தில், கை படாதபடி மாட்ட வேண்டும். விசிறியின் பின்னே ஒரு ஜன்னல், எதிரே திறந்த கதவு இருந்தால் சூடு வெளியேறும். இல்லாவிட்டால் அதே வெப்பக்காற்றுதான் சுற்றிச்சுற்றி வரும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். எவ்வளவு விலை கொடுத்த விசிறியானாலும் அதை உள்ளேயே சுழற்றும். வண்டியை வெளியே தள்ளிய பிறகே கிக்கரை மிதிக்க வேண்டும். சுரங்கத்தில் கற்ற பாடம் வீட்டு ஷெட்டுக்கும் பொருந்தும்.