இரண்டு மாத இன்டர்ன்ஷிப்... சென்னையில் தங்க இடம் தேடுறீங்களா? வாடகையை மட்டும் பார்க்காதீங்க!

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் வீட்டில் முதல் கேள்வி வந்துவிடும்: "அங்க போய் எங்க தங்குவ?"

செமஸ்டர் தேர்வு முடிந்ததும், மே மாதத்தில் இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னைக்கு வரும் மாணவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. சிலருக்கு ஸ்டைபண்ட் கிடைக்கும். பலருக்கு அதுவும் கிடையாது. தங்கும் செலவில் கணக்கு தப்பினால், வீட்டிலிருந்து இன்னொரு தவணை பணம் கேட்க வேண்டியதுதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது? பி.ஜி., ஹாஸ்டல் விதிகள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தங்குபவர்களை மனதில் வைத்துப் போடப்பட்டவை. எட்டு வாரம் தங்குபவருக்கும் அதே விதிகள்தான். அங்கேதான் காசு கரைகிறது.

8,000 ரூபாய் எப்படி 12,000 ஆகிறது?

ஓர் உதாரணக் கணக்கு. மாத வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது 'மெயின்டனன்ஸ்' என்று அட்வான்ஸிலிருந்து 2,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால் அட்வான்ஸே திரும்ப வராது.

எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு மாதச் செலவு 18,000 ரூபாய். அதாவது மாதம் 9,000. நோட்டீஸ் சொல்ல மறந்தால் மொத்தம் 24,000. மாதம் 12,000 ஆகிவிடும்! பக்கத்துத் தெருவில் பிடித்தம் எதுவும் இல்லாமல் 8,500 ரூபாய் கேட்கும் பி.ஜி.தான் உண்மையில் மலிவு.

அதனால் "வாடகை எவ்வளவுங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ரெண்டு மாசம் தங்கிட்டு காலி பண்ணா, மொத்தமா என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று ஜி.எஸ்.டி. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை கட்டணம் உள்ள விடுதிகளுக்கு 2024 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. ஆனால் தொடர்ந்து 90 நாட்களாவது தங்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு மாத இன்டர்ன் இதற்குள் வரமாட்டார். எனவே விடுதி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதாக இருந்தால், சொன்ன வாடகையில் வரியும் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏரியாவை எப்படி முடிவு செய்வது?

ஆபீஸ் எங்கே என்பதிலிருந்து தொடங்குங்கள். தரமணி, டைடல் பார்க் பக்கம் என்றால் பறக்கும் ரயில் கைகொடுக்கும். கிண்டி என்றால் மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் தங்கினாலும் வந்துவிடலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு பட்டரவாக்கம் ரயில் நிலையம் பக்கம்.

சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் கதை வேறு. அங்கே இன்னும் ரயில் கிடையாது. மெட்ரோ கட்டுமானப் பணிகளால் ஓ.எம்.ஆரில் நெரிசல் வேறு. நண்பர்கள் இருக்கிறார்கள் என்று வடபழனியில் ரூம் எடுத்துவிட்டு தினமும் சிறுசேரி போய்வருவது எட்டு வாரத்துக்கும் தண்டனை. நடந்து போகிற தூரத்தில் 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதாந்திர பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமே இல்லை.

பெண்கள் கவனிக்க...

தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்த, 2014-ம் ஆண்டு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். "லைசென்ஸ் இருக்கா, பார்க்கலாமா?" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2018-ல் ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியில் ரகசிய கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டதை நினைவில் வையுங்கள்.

தமிழ்நாடு அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன. உங்கள் தேதிகளைச் சொல்லி, இன்டர்ன்களுக்கு இடம் உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மே மாத சென்னைக்கான கேள்விகள்

அக்னி நட்சத்திர நேரத்தில் வருகிறீர்கள். ஏசி ரூம் என்றால் கரன்ட் பில் வாடகையில் சேர்ந்ததா, தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தண்ணீர் எப்போதெல்லாம் வரும், லாரித் தண்ணீருக்குத் தனிக் காசா என்பதும் முக்கியம். 2019 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை இந்த ஊர் மறக்கவில்லை.

நண்பர்களின் ஃப்ளாட்டில் ஒண்டிக்கொள்ளலாமா?

செலவு குறையும். ஆனால் ஹவுஸ் ஓனருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை தமிழ்நாடு வாடகைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நடுவில் பிரச்சினை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது நீங்கள்தான்.

அதற்கு முன், இன்டர்ன்ஷிப் தரும் நிறுவனத்தின் ஹெச்.ஆரிடமும், போன வருடம் அங்கே போய்வந்த சீனியர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பயிற்சி நடப்பது கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ என்றால், கோடை விடுமுறையில் காலியாகும் ஹாஸ்டல் அறைகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

"நிறைய பேர் கேக்குறாங்க, டோக்கன் போட்டாதான் ரூம் நிக்கும்" என்று அவசரப்படுத்தினால் உஷார். சென்னையில் இருக்கும் யாராவது நேரில் பார்க்கட்டும். முடியாவிட்டால் வீடியோ காலில் வாசல், தெருமுனை வரை காட்டச் சொல்லுங்கள். "அட்வான்ஸைத் திருப்பி அனுப்புறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் அது மோசடி. பணம் வாங்க யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, பணம் கட்டும் நாளிலேயே ஓனருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்:

"மே 18 முதல் ஜூலை 12 வரை தங்குகிறேன். ஜூலை 12 காலி செய்வதற்கு இதையே நோட்டீஸாக எடுத்துக்கொள்ளவும். அட்வான்ஸ் 8,000-ல் மெயின்டனன்ஸ் 2,000 போக, 6,000 ரூபாய் அன்றே திருப்பித் தருவதாகப் பேசியிருக்கிறோம். சரிதானே சார்?"

அந்தப் பக்கத்திலிருந்து 'ஓகே' வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் சொல்ல யோசிக்கிறாரா? அடுத்த பி.ஜி.யைப் பாருங்கள்.