குடிநோய் மீட்புப் பணியும் மானியக் கணக்கும்

தலைநகரமாகிய புது தில்லியில் மந்திர் மார்க் என்றொரு சாலை உண்டு. முன்னாளில் அது ரீடிங் சாலை என்று வழங்கியது. 1939 ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்த இலட்சுமி நாராயணர் ஆலயம் அச்சாலையில் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கே இருப்பதால், தில்லிவாழ் தமிழர்க்கு அது நன்கு பழகிய சாலையாகும். அதே சாலையில் வால்மீகி ஆலயமும், அதையொட்டித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும் உள்ளன. 1946 ஏப்ரலுக்கும் 1947 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தில் காந்தியடிகள் 214 நாட்கள் தங்கியிருந்தது அந்த ஆலயத்தின் சிற்றறையிலேதான். அப்பகுதிப் பிள்ளைகளுக்கு அவர் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

அங்கு வந்து தங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1941 இல், அவர் நிர்மாணத் திட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் மதுவிலக்கும் ஒரு பகுதி. சட்டத்தினால் மட்டும் இக்காரியம் முடிந்துவிடும் என்று அவர் கருதவில்லை. குடிக்கும் அபினுக்கும் அடிமையானவர்களை விடுவிக்கும் வழிகளை மருத்துவர்கள் கண்டறிய வேண்டும். பெண்களும் மாணவர்களும் அன்புத் தொண்டினால் அவர்கள் உள்ளத்தில் இடம் பெற வேண்டும். உழைத்துக் களைத்தவர் இளைப்பாறவும், மலிவான நல்ல சிற்றுண்டி அருந்தவும், விளையாடி மகிழவும் இடங்கள் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவம், அயலாரின் பரிவு, போய் உட்கார ஓரிடம் ஆகிய இம்மூன்றுமே இன்று நாம் சமூக மீட்புப் பணி என்று கூறுவதன் தூண்கள். இம்மூன்றுக்கும் பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு ஆள வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தேவையின் அளவை முதலில் அறிந்துகொள்வது நலம். புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த தேசியப் போதைச் சார்புச் சிகிச்சை மையம் நாடெங்கும் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2019 இல் வெளியாயின. 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அவ்வாய்வு கூறிற்று. மதுச் சார்புக்கு ஆட்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தனர்; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. நோயாளிகள் பலர், கதவுகளோ மிகச் சில. எனவே திறந்திருக்கும் ஒவ்வொரு கதவும் அடைபடாமல் காப்பது பெருங்கடமையாகிறது.

நம் அரசியலமைப்பின் 47 ஆவது பிரிவு, உடல்நலத்துக்குத் தீங்கு விளைக்கும் மதுவையும் போதைப் பொருள்களையும் விலக்க அரசு முயல வேண்டும் என்று நெறி வகுத்துள்ளது. 1985-86 ஆம் ஆண்டிலிருந்து நடுவண் அரசு தொண்டு நிறுவனங்களுக்கு இதன் பொருட்டு மானியம் வழங்கி வருகிறது. அத்திட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2018 முதல் போதைத் தேவைக் குறைப்புத் தேசியச் செயல்திட்டம் என்ற பெயரில் சமூக நீதி அமைச்சகம் இப்பணியை விரிவுபடுத்திற்று. தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையங்கள், தெருவுக்கே சென்று அணுகும் பணி, மீண்டவர்களும் இளைஞர்களும் தம்மையொத்தோருக்கு வழிகாட்டும் சமூகப் பணி எனப் பல கிளைகள் இதற்கு உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இதன் பொருட்டே ஏற்பட்டது.

2015 இல் திருத்தப்பட்ட திட்டத்தின்படி, ஏற்கப்பட்ட செலவில் 90 விழுக்காடு வரை அரசு அளித்தது. வடகிழக்கு மாநிலங்கள், சிக்கிம், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றுக்கு 95 விழுக்காடு வரை அளித்தது. எஞ்சியதை நிறுவனமே திரட்ட வேண்டும். இச்சிறு பங்கை ஒரு சுமையாகவே பலர் கருதுகின்றனர். நாமோ அதனை வேர் என்று கொள்வோம். ஊரார் ஒரு மூட்டை அரிசியோ ஒரு மாத வாடகையோ அளிக்கும் மையம் ஊராரின் மையமாகிறது. அவர்கள் அதைக் கேள்வி கேட்பார்கள்; அது தளரும்போது தாங்கியும் பிடிப்பார்கள்.

இதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையில் 1980 இல் திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்கள் நடத்திற்று. குடிநோயாளி பட்டணத்துக்குப் போய்ச் செலவு செய்ய வேண்டியதில்லை. மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்கே வந்தனர். உள்ளூரார் இடமும் ஒத்துழைப்பும் நல்கினர். முகாம் கலைந்த பின்பும், மீண்டவரைக் கண்காணிக்க அதே ஊரார் அங்கே இருந்தனர். குறைந்த செலவில் நிறைந்த பயன் விளையும் வழி இது.

இனி, மானியத்தை ஆளுவோர் முதலில் உணர வேண்டிய ஓர் எளிய கணக்கைக் கூறுவோம். 15 படுக்கைகள் உள்ள ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு மாதம் தங்குகிறார் என்று கொண்டால், ஓராண்டில் கூடிய அளவு 180 பேர் அங்குத் தங்கிச் செல்லலாம். விலகல் துன்பத்தைத் தணிக்கும் மருத்துவமும், ஆலோசனையும், குடும்பத்தாருக்கு அறிவுரையும் அந்த மாதத்தில் கிடைக்கின்றன. ஆனால் போதைச் சார்பு நாட்பட்ட நோய். ஒரு மாதத்தில் தீர்ந்து போவதன்று. வீடு திரும்பியவர் மீண்டும் வழுக்கி விழுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நிகழ்கிறது. ஆகையால் அவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். முதலாண்டின் முடிவில் கவனிக்க வேண்டியவர் 180; மூன்றாம் ஆண்டின் முடிவில் 540. படுக்கைகள் மட்டும் அதே 15.

மானியம் படுக்கையைக் கொண்டு அளக்கப்படுகிறது; பொறுப்போ மனிதரைக் கொண்டு வளர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேதான் பல நல்ல பணிகள் வீழ்கின்றன. எனவே வரவு செலவுத் திட்டம் வகுக்கும்போதே, தொடர் கவனிப்புக்கெனத் தனித் தொகை ஒதுக்க வேண்டும். வீடுதேடிச் செல்வோரின் பேருந்துக் கட்டணம், வாராந்தரக் கூட்டத்துக்கு ஓர் அறையும் தேநீரும், திரும்பி வருபவருக்காக எப்போதும் காலியாக வைக்கப்படும் ஒரு படுக்கை ஆகியவை சிறு செலவுகளே. விண்ணப்பத்தில் எழுதப்படாவிட்டால் இவற்றுக்குப் பின்னர் ஒரு காசும் கிடைக்காது.

அடுத்ததாக, மானிய விதிகளைக் காண்போம். 2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் சிலவற்றைத் திட்டமாகக் கூறுகின்றன. மானியத்தை எந்நோக்கத்துக்குப் பெற்றோமோ அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும். மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியும் நமதன்று. அதனை அரசுக்கே செலுத்த வேண்டும். மானியத்தால் வாங்கிய கட்டில், அலமாரி போன்ற பொருள்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், இசைவின்றி விற்கலாகாது. நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். முந்தைய தொகைக்கு ஒழுங்கான கணக்கு வாராமல் அடுத்த தொகை எளிதில் வாராது.

இச்சான்றிதழை வெறும் காகிதம் என்று எண்ணுவது தவறு. கணக்கு தாமதித்தால் தவணை தாமதிக்கிறது. தவணை தாமதித்தால் ஆலோசகருக்குச் சம்பளம் நின்றுபோகிறது. இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்துப் பார்த்த ஆலோசகர் வேறு வேலை தேடிச் செல்கிறார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரிடம் மனம் திறந்து பேசிய நோயாளி, அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது அந்த நாற்காலியில் எவரும் இல்லை. அவன் மறுபடி வருவானா? மாலை நேரத்தில் அவனை எதிர்நோக்கி மதுக்கடை மட்டும் தவறாமல் திறந்திருக்கிறது. இவ்வாறு, கணக்கர் மேசையில் உறங்கிய ஒரு தாள் ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைச் சொல்வோம். ஒவ்வொரு மானியத்துக்கும் தனிப் பேரேடு வையுங்கள். ஒரு மானியத்தின் பணத்தை இன்னொன்றுக்கு அவசரக் கடனாகவும் மாற்ற வேண்டாம். இரசீதுகளை அன்றன்றே கோத்து வையுங்கள். ஆண்டு முடிவை எதிர்பாராமல் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கை முடித்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் மார்ச்சு முடிந்ததும் தணிக்கையாளரிடம் செல்லத் தடையிராது. மானியத்தை மட்டும் நம்பாமல், நன்கொடையிலிருந்து மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான சேமிப்பொன்றை உருவாக்குங்கள். அரசின் தவணை பிந்தினாலும் கதவு மூடாதிருக்க அச்சேமிப்பே காவல்.

வெளிநாட்டு நன்கொடை பெறுவோருக்கு வேறொரு சட்டமும் உண்டு. 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 இல் திருத்தப்பட்டது. அதன்படி, இந்தியாவின் எந்த மூலையில் உள்ள நிறுவனமாயினும், அந்நிதியை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லித் தலைமைக் கிளைக் கணக்கிலேயே பெற வேண்டும். மந்திர் மார்க்கிலிருந்து சிறிது தொலைவில், சன்சத் மார்க்கில் இருக்கிறது அக்கிளை. நிருவாகச் செலவு அந்நிதியில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அதனை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் கூடாது. பெரிய நிறுவனத்தின் நிழலில் சிறு கிராமச் சங்கங்கள் நிதி பெற்ற வழி இதனால் அடைபட்டது. சிறு சங்கங்கள் உள்ளூர் ஆதரவைத் தேடுவது முன்னிலும் இன்றியமையாததாயிற்று.

கணக்குக் காட்டுவதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. மானியம் அளிப்பவர் எண்ணிக்கை கேட்பது இயல்பே. எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தனர் என்று கூறுவது எளிது. ஆயினும் ஆறு மாதத்துக்குப் பின் எத்தனை பேரை நேரில் கண்டோம், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினர், வழுக்கியவரில் எத்தனை பேர் தாமாகவே மீண்டும் நம்மிடம் வந்தனர் என்பவையே உண்மையான அளவுகோல்கள். மறுபடி விழுந்தவரைத் தோல்விக் கணக்கில் எழுதி மறைப்பது கூடாது. அவர் திரும்பி வந்தார் என்றால் அவர் நம்மை நம்பினார் என்பது பொருள்.

அதே சமயத்தில், எண்களைக் காட்டலாம், முகங்களைக் காட்டலாகாது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் மிகுதியால் விளையும் மனக் கோளாறுகளையும் தன்னுள் அடக்குகிறது. நோயாளியின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்குகிறது. ஆண்டறிக்கையில் அச்சிடுவதற்கென்று ஒருவருடைய நிழற்படத்தை எடுத்துத் தருவது நன்றி பாராட்டுதல் ஆகாது. அவருடைய மகளின் திருமணப் பேச்சு அந்தப் படத்தினால் முறியக்கூடும் என்பதை நினைவில் வைப்போம்.

ஒழுக்கத்தைக் காக்க முற்படுவோர் கணக்கையும் காக்க வேண்டும் என்பதற்கு இராஜாஜி அவர்களே எடுத்துக்காட்டு. 1937 அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவர், அதனால் குறைந்த வருவாய்க்கு மாற்றும் தேட வேண்டியவரானார். 1939 இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது அவ்வாறுதான். வரியைப் பற்றிக் கருத்து வேற்றுமை இருந்தது. எனினும் நல்ல காரியத்துக்கும் பணம் வேண்டும், அப்பணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற உண்மையை அவர் மறைக்கவில்லை.

மந்திர் மார்க்கின் அந்தச் சிறு அறையில் தங்கியிருந்தவரும் பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டவரே. பரிவு ஒரு கை, கணக்கு மற்றொரு கை. இரு கைகளும் சேர்ந்தால்தான் விழுந்தவரைத் தூக்க முடியும். நம் ஊரில் இத்தகைய மையம் ஒன்று இருக்குமாயின், அங்கே ஒருமுறை சென்று வருவோம். நன்கொடை கொடுப்பதோடு, அதன் கணக்கையும் உரிமையோடு கேட்போம். கணக்கு எழுதத் தெரிந்தவர் வாரத்தில் ஒரு மாலையை அங்கே செலவிட்டால், அதுவும் ஒரு சிகிச்சையே ஆகும்.