அம்மா போன் ஏன் தானா ரீஸ்டார்ட் ஆச்சு?

போன மாசம் ஒரு ராத்திரி அம்மா கூப்பிட்டாங்க. ரெண்டு நிமிஷம்கூட பேசியிருக்க மாட்டோம், கட். கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா போன்ல இருந்து மறுபடி கூப்பிட்டாங்க. "போன் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது கண்ணு. கடையில காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டா சரியாயிடுமாம். அழிக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா, நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதே"ன்னு கத்தாத குறையா சொன்னேன். காரணம் இருக்கு. எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அந்த போன்லதான் இருக்கு. அவருக்கு டைப் பண்ண வராது, எல்லாமே பேசித்தான் அனுப்புவார். அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பேக்கப்னு ஒண்ணு இருக்கிறதே அம்மாவுக்குத் தெரியாது.

அதனால மக்களே, போன் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சா முதல் வேலை ரிப்பேர் இல்ல, காப்பி எடுக்கிறது. ஆண்ட்ராய்டு போன்னா யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' போட்டு, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாட்ஸ்அப்னு போங்க. வாய்ஸ் நோட்ஸ் வாரத்துக்கு ஒரு ஃபோல்டரா இருக்கும். மொத்தமா இழுத்துப் போடாம அஞ்சாறு ஃபோல்டரா காப்பி பண்ணுங்க. நடுவுல போன் அணைஞ்சாலும் எது வந்துச்சு, எது வரலைன்னு தெரியும். அம்மா போன்ல இதுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஃபேக்டரி ரீசெட்தான் ஒரே வழின்னாகூட, அந்த போன்ல இருக்கிற கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரியுமான்னு முதல்ல பாருங்க. ரெக்கவரி மெனு வழியா ரீசெட் பண்ணிட்டா திரும்ப அதைத்தான் கேட்கும். தெரியலைன்னா போன் வெறும் கல்.

அடுத்தது, போன் எப்ப எப்ப அணையுதுன்னு கவனிக்கணும். கடைக்காரங்க பெரும்பாலும் இதைக் கேட்கிறதே இல்ல. அம்மா டெய்லரிங் பண்றாங்க, அளவு நோட்டு எப்பவும் கையில இருக்கும். அதோட கடைசிப் பக்கத்துல ரெண்டு நாள் எழுதச் சொன்னேன். பிளவுஸ் டிசைனை போட்டோ எடுக்கும்போது ஒரு தடவை, வீடியோ கால்ல ரெண்டு தடவை, யூடியூப் பார்க்கும்போது ஒரு தடவை. எல்லாமே சார்ஜ் நாற்பதுக்குக் கீழ இருக்கும்போது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒரு தடவைகூட இல்ல. ராத்திரி முழுக்க சும்மா கிடந்தப்பவும் இல்ல.

இதைப் படிச்சதும் பாதி விஷயம் முடிஞ்சுது. பேட்டரிதான்.

'சார்ஜ் முப்பது பர்சன்ட் இருக்கே, அப்புறம் எப்படி பேட்டரி?'ன்னு தோணும். பேட்டரிக்குள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மட்டும்தான் அந்த நம்பர் சொல்லும். கேட்ட வேகத்துல அதால குடுக்க முடியுமான்னு சொல்லாது. எங்க ஊர்ல தோட்டத்து மோட்டாரைப் போட்டதும் வீட்டு லைட் ஒரு செகண்ட் மங்கும் பாருங்க, அதேதான் இங்கயும் நடக்குது. லித்தியம் அயான் பேட்டரிக்கு வயசாக ஆக அதோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் ஏறும். (தமிழ்ல அகமின்தடை. நான் முழுக்க இங்கிலீஷ் மீடியம், தம்பியோட பிளஸ் டூ புக்கைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.)

ஒரு உதாரணத்துக்கு, பேட்டரி 3.7 வோல்ட்ல இருக்கு, கேமராவும் பிராசசரும் சேர்ந்து திடீர்னு 2 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்னா 0.2 வோல்ட் விழும், 3.5 மிச்சம், பிரச்சனை இல்ல. அதே ரெசிஸ்டன்ஸ் 0.35 ஓம் ஆயிட்டா 0.7 வோல்ட் விழுந்து 3.0க்கு வந்துடும். அந்த அளவுக்கு இறங்கினா உள்ள இருக்கிற சிப்புகளுக்கு வேண்டிய வோல்டேஜ் கிடைக்காது, போன் ரீசெட் ஆயிடும். அணைஞ்ச உடனே லோடு இல்ல, வோல்டேஜ் பழையபடி ஏறிடும், போன் ஒண்ணுமே நடக்காத மாதிரி முழிச்சுக்கும். சார்ஜர் மாட்டியிருந்தா கரன்ட்ல ஒரு பங்கை சார்ஜரே குடுத்துடும், அதான் அப்ப அணையல. ஃபர்ஸ்ட் இயர்ல பேசிக் எலக்ட்ரிகல் பேப்பர்ல போட்ட அதே கணக்கு. அப்ப இதெல்லாம் எதுக்குன்னு திட்டிக்கிட்டே போட்டேன்.

இது ஓரமா நடக்கிற விஷயம் இல்ல. ஆப்பிளே 2017ல ஐபோன் 6, 6எஸ் மாதிரி மாடல்கள் இப்படி திடீர்னு அணையக் கூடாதுன்னு, பேட்டரி தேஞ்ச போன்களோட பிராசசர் வேகத்தை அப்டேட்ல குறைச்சாங்க. யாருக்கும் தெளிவா சொல்லல. அந்த டிசம்பர்ல விஷயம் வெளிய வந்து பெரிய சண்டையாகி, மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவுல பேட்டரி மாத்துற விலையை 79 டாலர்ல இருந்து 29 ஆக்கினாங்க. பேட்டரி ஹெல்த் பார்க்கிற வசதி 2018ல வந்ததும் இதுக்கு அப்புறம்தான்.

உங்க போன் சார்ஜர்ல இருக்கும்போதும் அணைஞ்சா வேற பக்கம் தேடுங்க. முதல்ல பவுச்சைக் கழட்டிப் பாருங்க. பவர் பட்டன் அமுங்கியே கிடந்தா பல போன்கள் பத்து செகண்ட்ல தானா ரீஸ்டார்ட் ஆகும். தினமும் ஒரே நேரத்துல அணைஞ்சா, செட்டிங்ஸ்ல ஆட்டோ ரீஸ்டார்ட் ஆன்ல இருக்கான்னு பாருங்க (சிரிக்காதீங்க, என் ரூம்மேட் கதை இது). அப்புறம் சேஃப் மோடு. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல பவர் மெனுவுல இருக்கிற பவர் ஆஃபை அழுத்திப் பிடிச்சா வரும். நாம இன்ஸ்டால் பண்ணின ஆப் எதுவும் அதுல ஓடாது. ஒரு நாள் முழுக்க அதுல ஒழுங்கா இருந்தா ஏதோ ஒரு ஆப்தான் காரணம்னு சந்தேகப்படலாம், கடைசியா போட்டதுல இருந்து ஒண்ணொண்ணா எடுங்க. சாஃப்ட்வேர் காரணம் எவ்வளவு விசித்திரமா இருக்கும்னா, 2020ல ஒரு ஏரி போட்டோவை வால்பேப்பரா வெச்சதுக்கே சில ஆண்ட்ராய்டு 10 போன்கள் திரும்பத் திரும்ப கிராஷ் ஆச்சு. அந்தப் படத்தோட கலர் புரொஃபைலை சிஸ்டத்தால கையாள முடியல, அவ்வளவுதான்.

லோகோ வரைக்கும் வந்து வந்து அணையுது, ரீசெட்டுக்கும் அசையலைன்னா போர்டா இருக்கலாம். எல்ஜி ஜி4 போன்ல இப்படி வந்தப்ப, உள்ள பாகங்களுக்கு நடுவுல கான்டாக்ட் லூஸ்னு 2016ல அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அது நம்ம கை வேலை இல்ல.

இன்னொண்ணு, பின்பக்கம் உப்பியிருந்தாலோ டிஸ்ப்ளே ஓரம் தூக்கியிருந்தாலோ சார்ஜ் போடாதீங்க, அமுக்கிப் பார்க்காதீங்க, நேரா கடைக்குப் போங்க. காப்பி எடுக்கிறதைக்கூட அப்புறம் பார்த்துக்கலாம். பேட்டரி போனாலும் ஃபைல் உள்ளதான் இருக்கும்.

அம்மா போன் உப்பல. வேற கடையில, கண் முன்னாடியே மாத்தச் சொன்னோம், 850 ரூபா. அந்தக் கடைக்காரர் முதல்ல காட்டின பேட்டரியில ஒரிஜினலைவிட ஆயிரம் எம்ஏஎச் அதிகமா போட்டிருந்துச்சு, சைஸ் மட்டும் அதே. அதை வேண்டாம்னு வேற வாங்கினோம். மூணு வாரமா ஒரு தடவைகூட அணையல.

அப்புச்சி குரல் இப்ப லேப்டாப்லயும் இருக்கு, ஒரு பென்டிரைவ்லயும் இருக்கு. மொத்தம் 214 மெசேஜ். பாதிக்கு மேல "சாப்டியா சாமி"தான்.

உங்க போனும் இப்படி ஆட்டம் காட்டினா ரெண்டு நாள் எழுதி வெச்சுட்டு பி பிளாக் பக்கம் வாங்க, பார்த்துடலாம். கேபிள் மட்டும் நீங்களே கொண்டு வாங்க, என்னோடதை யாரோ வாங்கிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு.