பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பிரேக் தேடுகிறீர்களா? பில்லையும் சேர்த்துத் தேடுங்கள்

எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் டி.ஆர். 6. இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை இன்றும் நம் ஊரில் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் இரண்டும் 1962-இல் சந்தைக்கு வந்து 1980-இல் உற்பத்தி நின்றவை. டி.ஆர். 6 அதற்கும் முன்பே, 1976-இல் நின்றுவிட்டது. இவற்றுக்கு பெயின்ட்டோ சீட் உறையோ கிடைக்கத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக்கில் பொறுமைக்கு இடமில்லை. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் இணைப்புதான். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

அவசரத்தில் கிடைத்ததை வாங்கி மாட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாகம் யார் தயாரித்தது, யார் விற்றது, யார் மாட்டியது என்பதைக் காட்ட முடியாவிட்டால், வண்டி நிற்காத அன்று சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.

சந்தையில் கிடைப்பவை

முதலாவது, பழைய ஸ்டாக். லாக்ஹீட், கெர்லிங் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தாலே சிலருக்குக் கை பரபரக்கும். உள்ளே இருப்பது இரும்பு என்றால் துருவைப் பார்த்து முடிவெடுக்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். ஹோஸும் சிலிண்டர் வாஷரும் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். பழைய ஹோஸ் உட்புறம் வீங்கிக்கொண்டால் பிரேக் ஆயில் போகும், திரும்பி வராது. சக்கரம் பிடித்துக்கொள்ளும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைக் கழற்றி கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, புதிதாகத் தயாரிக்கப்பட்ட மாற்றுப் பாகம். பிரிட்டனில் இந்தக் கார்களுக்கென்றே இயங்கும் கடைகளும் உரிமையாளர் சங்கங்களும் இருப்பதால் பெரும்பாலானவை இன்றும் கிடைக்கின்றன. தரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். விற்பவர் பெயரைவிட தயாரித்தவர் பெயரைக் கேளுங்கள்.

மூன்றாவது, ரீகண்டிஷன் செய்தது. தேய்ந்த சிலிண்டருக்குள் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போடுவது நல்ல முறைதான். உள்விட்டம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அளவை பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான்காவது, 'வேற வண்டியோடது, ஆனா பொருந்தும்' என்று தரப்படுவது. இதில்தான் வில்லங்கம் அதிகம். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதனால் ஹெரால்டு சாமான்களைத் துழாவுவது இயல்பு. ஆனால் ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரங்களில் இருப்பது டிஸ்க். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருப்பதுண்டு. அதை டிஸ்க்கோடு இணைத்தால் பேட் விடாமல் உரசிச் சூடேறும். போல்ட் உட்காருவதை வைத்து மட்டும் பாகம் சரி என்று சொல்லிவிட முடியாது.

அளவும் ஆயிலும்

டி.ஆர். 6 கேலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வண்டிகளில் 16பி, பிந்தையவற்றில் 16பிபி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹோஸ் சேரும் திரெட் மட்டும் முன்னதில் அங்குல அளவு, பின்னதில் மெட்ரிக். மாற்றி மாட்டினால் சில சுற்று இறுகியதுபோல் தோன்றும். அழுத்தி மிதிக்கும்போது கசியவோ பிடுங்கிக்கொள்ளவோ கூடும். மாடல் பெயரோடு நிற்காமல் சேசிஸ் எண்ணையும், கழற்றிய பாகத்தில் வார்த்திருக்கும் எண்ணையும் கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள்.

ஆயிலிலும் இதே குழப்பம் உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான் வகை. எண் அடுத்தடுத்து இருப்பதால் 5-உம் 5.1-உம் ஒன்றெனக் கருதிக் கலந்துவிடக் கூடாது. கிளைகால் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரி. மலைப்பாதை இறக்கத்தில் பெடல் திடீரெனத் தரைவரை இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'அப்கிரேட்' செய்யும் முன்

டி.ஆர். கார்களுக்கு டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு பிஸ்டன் கேலிப்பரை மாட்டுவது உலகெங்கும் பிரபலம். பிஸ்டன் பரப்பு கூடினால் மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டிய ஆயிலும் கூடும். பெடல் ஆழமாக இறங்கும். பின் பிரேக்கின் பலத்தை மட்டும் கூட்டினாலோ, ஈரச்சாலையில் பின் சக்கரங்கள் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும். முன், பின் பலத்தைச் சேர்த்துக் கணக்கிடாத மாற்றத்தை மேம்பாடு என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் பார்வையும் இங்கே மாறுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவின்படி, பாதிப்பு நிகழ்ந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்றவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியும். கேலிப்பரின் துளையை நீங்களாகவே பெரிதாக்கி மாட்டினீர்கள் என்றால் வழக்கின் பாதி அங்கேயே போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த காருக்கு 2021 விதிகளின்கீழ் வின்டேஜ் பதிவு பெற நினைப்பவர்கள், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் பாகங்களை எடைக்குப் போடாதீர்கள்.

உங்கள் உரிமைகள்

'பில் போட்டா ஒரு ரேட், போடாட்டி ஒரு ரேட்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருந்தாலும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

'தயாரித்தவன் வெளிநாட்டுக்காரன், நான் என்ன செய்ய?' என்று இங்குள்ள விற்பனையாளர் கைவிரிக்க முடியாது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலோ, பாகத்தால் நேர்ந்த பாதிப்புக்கு விற்றவரே பொறுப்பாவார் என்கிறது 86-ஆம் பிரிவு.

போலியை அசல் என்று விற்பது குற்றம். அதனால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் ஏழு ஆண்டு வரை சிறை. உயிர் போனால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை தண்டனை உண்டு.

இணையச் சந்தையில் வாங்கினால், விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவை காட்டப்பட வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பிரிட்டனிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்களுக்கு இங்குள்ள நுகர்வோர் ஆணையத்தின் கை எட்டுவது கடினம். கிரெடிட் கார்டில் பணம் கட்டுங்கள். பொருள் மாறி வந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம்.

மெக்கானிக் வேலையும் சேவைதான். ஜாப் கார்டு கேளுங்கள். மாட்டிய பாகத்தின் எண், ஊற்றிய ஆயிலின் வகை, ஏர் எடுத்த தேதி மூன்றும் அதில் இருக்கட்டும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். பழுதான பிரேக் என்று தெரிந்தே ஓட்டுவது உங்களையே குற்றவாளியாக்கும். பாகத்தைக் கழற்றும் முன் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். கழற்றியதைச் சுத்தம் செய்யாமல், பெட்டியோடு பத்திரப்படுத்துங்கள். விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அல்லது பதிவுத் தபாலில் எழுதி, பதில் தரக் கெடு கொடுங்கள்.

பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் முடியும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். குறைபாட்டை நிறுவப் பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும். கழுவி மினுக்கிய பாகத்தில் ஆய்வகத்துக்குக் கிடைப்பது குறைவு. ஒரு விஷயம்: பழைய கார்களைச் சரிசெய்து விற்பதையே பெரிய அளவில் வியாபாரமாகச் செய்பவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். அவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

இவ்வளவும் பிழை நேர்ந்த பிறகு செய்வது. அதற்கு முன் செய்யக்கூடியது எளிது. புதுப் பாகம் மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் சாலைக்கு எடுக்காதீர்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சோதியுங்கள். பில், ஜாப் கார்டு, பாக எண், படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் சாவியோடு அந்த ஃபைலையும் கொடுத்துவிடுங்கள். அடுத்து ஓட்டப்போகிறவரும் அதே பிரேக்கைத்தான் மிதிக்கப்போகிறார்.