கணிப்பொறியும் விதைப் பொறுக்கும்

1922-ல் தோன்றிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 இரகமும் நம் ஜி.இ.பி. 24-உம் கலந்த சந்ததிகளைத் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கியே ஆடுதுறை 27-ஐக் குறுவைக்கு அளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். இம்முறையைக் கணிப்பொறிக்கும் பொருத்தலாமென அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஹாலண்டு 1975-ல் நூலெழுதி விளக்கினார்.

சங்க லாரி இருபது ஊர்களில் உரம் இறக்கவேண்டுமென வைத்துக்கொள்வோம். செல்லக்கூடிய வரிசைகள் கோடி கோடிக்கும் மேல்! கணிப்பொறி நூறு வரிசைகளைக் கண்டபடி விதைத்து, தூரம் குறைந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றின் பாதியோடு மற்றதன் எஞ்சிய ஊர்களைச் சேர்த்து, அங்கங்கே சிறிது மாற்றி, அடுத்த தலைமுறையை எடுக்கிறது. அவசரப்பட்டு முதலில் தேறியதையே பெருக்கினால், யாவும் ஒரே சாயலாகித் தேடல் நின்றுவிடும். சுமாரானவற்றிலும் சில மிஞ்சவேண்டும்.

கிடைப்பது மிகச் சிறந்த வழியென்று நாம் உறுதி கூற இயலாது. நல்ல வழி எனலாம். ஆகவே, லாரி ஓட்டுநர் தமக்குத் தெரிந்த வரிசையொன்றைக் கூறினால், அதனையும் விதையோடு சேர்த்துக்கொள்ளலாம்.